வெள்ளிக்கிழமைச் சிப்ஸ்

"எந்த எண்ணெயில பொரிச்சவங்கள் எண்டு நீர் கேட்டனீரே?"

என் கணவரின் அக்கா, நான் மச்சாள் என்று கூப்பிடுபவர், ஏழு வாரங்களாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுப்படியில் நின்றபடி இந்தக் கேள்வியைக் கேட்கிறார். இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் எனக்குத் தெரியும். கஃபேயில் ஓடர் எழுதும் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு துண்டில் எழுதித் தந்ததை இரண்டாக மடித்து, மகளின் நிறையும் தடுப்பூசியும் பதிகிற சிவப்புப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். மாட்டுக் கொழுப்பு.

மச்சாள் மாட்டிறைச்சியை வாழ்நாளில் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஆடு, கோழி, மீன், முட்டை என்று மச்சம் எதுவும் இல்லை. அதுவும் சும்மா இல்லை. என் மகளுக்காகக் கடவுளுக்கு வைத்த நேர்த்தி. அந்த வெள்ளிக்கிழமைகளில், மூன்று வருடங்களுக்கும் மேலாக, கோயிலில் இருந்து நேரே கூட்டிக்கொண்டுபோய் மாட்டுக் கொழுப்பில் பொரித்த சிப்ஸை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்.

முதலில் நேர்த்தியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மகள் குறித்த நாளுக்கு எட்டு வாரம் முந்திப் பிறந்தாள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், என் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய முதுகோடு கிடந்தாள். அப்போது மச்சாள் பிரான்சில் இருந்தார். இருபது வருடமாக அங்கே ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. செய்தி கேட்டதும் ஒரு பெட்டியோடு லண்டன் வந்தவர், திரும்பிப் போகவில்லை. "பிள்ளை பள்ளிக்கூடம் போற அண்டுமட்டும் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டன். முதல் வெள்ளி யூனிபோர்மோட கோயிலுக்குக் கொண்டுவந்து பொங்குவன்" என்று ஆஸ்பத்திரிக் கொரிடோரில் நின்று சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியாது. பக்கத்தில் இருந்தது கோப்பி மெசின்தான்.

இதன் பெறுமதி மச்சாளைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். மீனும் நண்டும் இல்லாத சாப்பாட்டை அவர் சாப்பாடு என்றே சொல்லமாட்டார். சுப்பர்மார்க்கெட்டில் விடியற்காலை ஷிப்ட் செய்பவர். வெள்ளி மட்டுமே லீவு. ஆறுதலாக நின்று கறி காய்ச்சக் கிடைக்கும் ஒரே நாளைத்தான் பிள்ளைக்கு என்று கொடுத்தார்.

ஆகவே வெள்ளிக்கிழமை என்றால் நாங்கள் மூன்று பேரும் கோயில். மகளைத் தள்ளுவண்டியில் வைத்து லூயிஷாமுக்கு நடப்போம். அவளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து திரும்பும் வழியில் அடித்து ஊற்றியது மழை. வண்டியின் மழை மூடியை நான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நான் எதையாவது மறக்காத நாள் குறைவு. மறந்ததை நினைத்துக் கவலைப்படாத நாள் இல்லவே இல்லை. சந்தை முடிகிற இடத்தில், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்த ஒரு கஃபேயின் கதவைத் தள்ளினேன்.

தென்கிழக்கு லண்டனில் அந்தக் கஃபேக்கு நாலு கிளைகள் இருந்தன. ஒரே குடும்பம் நடத்தியது. நாலிலும் ஒரே மெனு, மேசையோடு சேர்த்துத் திருகிப் பூட்டிய ஒரே மாதிரிப் பழுப்பு நிற இருக்கைகள், தக்காளிப் பழ வடிவில் ஒரே மாதிரிச் சிவப்புப் பிளாஸ்டிக் சோஸ் போத்தல்கள். தேநீரை மொத்தமான வெள்ளைக் குவளையில், கேட்காமலே பால் விட்டுத் தருவார்கள்.

மச்சாள் வாசலிலேயே நின்றுவிட்டார். "இஞ்ச முழுக்க மச்சம் மணக்குது."

"மழை நிக்குமட்டும் மச்சாள். ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

"தேத்தண்ணி மட்டும்."

ஆனால் மகளுக்குப் பசி. அவளோ எதையும் சாப்பிடாத பிள்ளை. சோறு, இடியப்பம், பாண், வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் வாயை இறுக்கி மூடுவாள். சிவப்புப் புத்தகத்தில் அவளுடைய நிறைக்கோடு ஆகக் கீழே இருந்தது. நான் அதை ஒவ்வொரு இரவும் திறந்து பார்த்தேன், பார்த்தால் கோடு ஏறும் என்பதுபோல. அங்கே மெனுவில், விரல் தடிப்பில் வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்குச் சிப்ஸும் தக்காளிச் சோஸில் அவித்த பீன்ஸும் கண்ணில் பட்டன.

பரிமாற வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க லண்டன்காரி. கழுத்தில் கயிற்றில் ஒரு மூக்குக் கண்ணாடி, தலையில் இன்னொன்று. மச்சாள் அன்றே அவருக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர் வைத்துவிட்டார். நான் அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பீன்ஸில் இறைச்சி இருக்கிறதா? சிப்ஸில் முட்டை ஏதும் படுமா? எடுக்கிற இடுக்கி சொசேஜ் எடுத்த அதே இடுக்கியா? சிப்ஸ் பொரிக்கிற பாத்திரத்தில் மீனும் பொரிப்பீர்களா?

"என்ன லவ், எனக்குப் பரீட்சையா?" என்று சிரித்தார்; அவருக்கு எல்லோருமே 'லவ்'தான். பிறகு ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். "சிப்ஸுக்குத் தனி ஃபிரையர். உருளைக்கிழங்கைத் தவிர வேறு ஒன்றும் அதற்குள் போனதில்லை. இடுக்கியை நான் உங்களுக்காகக் கழுவி எடுக்கிறேன்."

நான் மொழிபெயர்த்தேன். "தனிச் சட்டியாம் மச்சாள்."

"தனிச் சட்டியோ!" மச்சாளின் முகம் மாறியது. "பாத்தீரே, இவங்களிட்டயும் மச்சச் சட்டி, சைவச் சட்டி எண்டு இருக்கு."

எங்கள் வீட்டில் சைவத்துக்கு என்று ஒரு அலுமாரித் தட்டில் தனிச் சட்டிகள், தனி அகப்பை, தனி வெட்டுப் பலகை. தெரியாமல் மாறிப் புழங்கினால் மஞ்சள் போட்டுக் கழுவுவார் மச்சாள். சுத்தம் என்றால் எங்களுக்குச் சட்டிதான். எண்ணெய் என்பது போத்தலில் வருவது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி. அது ஒரு மிருகத்தில் இருந்து வரக்கூடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எனக்கு இங்கத்தைய பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டம் இருக்கிறது. எனக்கும் தோன்றவில்லை.

அன்று மகள் ஒரு சிப்ஸை எடுத்தாள். பார்த்தாள். பீன்ஸில் தோய்த்தாள். தின்றாள். இரண்டாவதை எடுத்தாள். பதினொன்று வரை எண்ணினேன்; பிறகு எண்ண முடியாமல் கண்ணீர் மறைத்தது. மச்சாள் என் முழங்கையைப் பிடித்து, "பாக்காதேயும், கண் படும்" என்றார். பிறகு அவரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றபடி தட்டையே பார்த்தார்.

"என்ன மச்சாள்?"

"இன்னொரு தட்டுச் சொல்லும்."

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த வெள்ளி மழை இல்லை, இருந்தும் போனோம். மகள் மச்சாளை "மாமி" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவருடைய பெயர் என்று கண்ணாடி அக்கா எடுத்துக்கொண்டார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பி, "மாமி பிளேட் ஒன்று!" என்று சத்தம் போடுவார். மாமி பிளேட் என்றால் இடுக்கி கழுவப்படும், முட்டையும் பேக்கனும் படாத, நீலக் கரை போட்ட ஒரு தட்டு அலுமாரியிலிருந்து வரும். வேறு யாருக்கும் அந்தத் தட்டை அவர் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. ஒருநாள் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் மச்சாளின் சிப்ஸை வெள்ளைத் தட்டில் கொண்டுவர, கண்ணாடி அக்கா பாதி வழியில் மறித்துத் திருப்பி அனுப்பினார்.

மச்சாளும் சும்மா இருப்பவர் அல்ல. பருத்தித்துறை வடை சுட்டு டப்பாவில் கொண்டுபோவார். "தங்கச்சி, டேஸ்ட், டேஸ்ட்" என்பார், தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை. மச்சாளுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஆங்கிலம் நாற்பது சொல். கண்ணாடி அக்காவுக்குத் தமிழில் ஒரே சொல், மாமி. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு இருவரும் முழங்கால் வலி, காலுக்கு நல்ல சப்பாத்து, புருஷன்மார் எல்லாவற்றையும் பேசினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடி அக்கா தலையிடியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மச்சாள் கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டார். "இது என்ன, மருந்தா?" "மருந்து, மருந்து" என்றார் மச்சாள். அவர் அதை அழிக்காமல் மத்தியானம் முழுவதும் பேக்கனும் முட்டையும் பரிமாறினார்.

மகள் அங்கே வளர்ந்தாள் என்று சொன்னால் மிகை இல்லை. நிறைக்கோடு மெல்ல மெல்ல ஏறியது. சிப்ஸில் தொடங்கி, பீன்ஸ், பிறகு பாண், பிறகு மச்சாளின் பருப்பு. நான்தான் அங்கேயும் நிம்மதியாக இருக்கவில்லை. உப்புக் கூடவோ, தாய்ப்பாசம் போதாதவளோ, ஏன் என் கையால் சாப்பிடாத பிள்ளை இங்கே சாப்பிடுகிறது என்று ஏதாவது ஒன்று அரித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி அக்கா ஒருநாள் என் தேநீரில் தானே சீனி போட்டுக் கலக்கி வைத்துவிட்டு, "இங்கே ஒருவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை லவ், அதுதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தபின் அவர் சொன்னது சரி என்று பட்டது. அடுத்த நாள் சரியில்லை என்று பட்டது.

பிறகு டெட்ஃபோர்ட் கிளை பூட்டியது. அடுத்து கட்ஃபோர்ட், அதன்பின் மூன்றாவதும். ஒவ்வொன்று பூட்டும்போதும் அங்கத்தைய ஆட்களில் ஒருவர் இருவர் எங்கள் கஃபேக்கு வந்து சேர்ந்தார்கள், வெள்ளத்தில் மேட்டுக்கு ஒதுங்குவதுபோல. மேடும் முழுகியது. ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கதவில் கையால் எழுதிய கடதாசி ஒட்டியிருந்தது: இம்மாதக் கடைசியோடு பூட்டுகிறோம், இத்தனை காலமும் வந்ததற்கு நன்றி. வாடகை ஏறிவிட்டது, நடத்திய மனிதருக்கும் இனி நின்று வேலைசெய்ய ஏலாது, பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. மச்சாளுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் கடதாசியை ஒரு முறை தடவிப் பார்த்தார். "ரெண்டு மாசம் பொறுக்கேலாதோ இவைக்கு? பிள்ளை பள்ளிக்கூடம் போனாப்பிறகு பூட்டியிருக்கலாம்."

கடைசி வெள்ளிக்கிழமை உள்ளே இடமில்லை. தெருவரை வரிசை. கட்டட வேலைக்காரர்கள், ஊன்றுகோல் பிடித்த கிழவர்கள், எங்களைப்போல வண்டி தள்ளுபவர்கள். இருந்தும் மூலை மேசையில் நீலக் கரைத் தட்டு வைத்து எங்களுக்கு இடம் பிடித்திருந்தார் கண்ணாடி அக்கா. சாப்பிட்டு முடிந்ததும் தக்காளிச் சோஸ் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து மகளின் கையில் கொடுத்தார். தட்டைக் கடதாசியில் சுற்றி மச்சாளின் மடியில் வைத்தார். மச்சாள் அவர் கையை விடவில்லை.

எனக்கு அப்போதும் ஒரே கவலை: இனி இவள் எதைச் சாப்பிடுவாள்? நான் கவுண்டருக்குப் போய், "இந்தச் சிப்ஸை வீட்டில் எப்படிச் செய்வது?" என்று கேட்டேன்.

"யாருக்கும் சொன்னதில்லை. இனி என்ன" என்று சொல்லி, ஓடர் கொப்பியை எடுத்து எழுதினார். கிழங்கைத் தடிப்பாக வெட்டு. கழுவி நன்றாகத் துடை. இரண்டு தரம் பொரி, முதலில் மெல்லிய சூட்டில், ஆறவிட்டு, பிறகு நல்ல சூட்டில். அடுத்த வரியை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "இதுதான் எல்லாம். மற்றக் கடைகள் எல்லாம் எண்ணெய்க்கு மாறிவிட்டன. நாங்கள் மாறவே இல்லை."

கிழித்துத் தந்த துண்டை வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பெருமையைத் தவிர ஒன்றும் இல்லை. இறைச்சி என்றால் அவருக்குத் தட்டில் கண்ணால் காண்பது. அதை மூன்று வருடமாக ஒரு துளி படாமல் எங்களுக்காக ஒதுக்கி வைத்தவர். இடுக்கி கழுவியவர். நான் கேட்டவை எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னவர். நான் "நன்றி" என்றேன். வேறு என்ன சொல்வது?

மேசைக்கு வந்தபோது மச்சாள் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?"

"ரெண்டு தரம் பொரிக்கோணுமாம்."

"அவ்வளவுதானோ?"

"ஓம் மச்சாள். அவ்வளவுதான்."

அதுதான் பொய். நடந்ததை அன்றே, அந்த மேசையிலேயே சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து அழுதோ சிரித்தோ முடித்திருக்கலாம். ஒரு நிமிடம் தவறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போகிறது.

ஏனென்றால் மச்சாள் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். கஃபே பூட்டிய அடுத்த வெள்ளி, சைவச் சட்டியில் சூரியகாந்தி எண்ணெய். மகள் ஒன்றைக் கடித்துவிட்டு, "இது வேற சிப்ஸ்" என்றாள். அடுத்தது கடலை எண்ணெய். அதுவும் வேற சிப்ஸ். மூன்றாவது வாரம் தேங்காயெண்ணெய். நாலாவது வாரம் நல்லெண்ணெயில் பொரித்தார். வீடு முழுக்கத் தலை முழுகின வாசம்.

"லண்டனில நல்லெண்ணெயில சிப்ஸ் பொரிச்ச முதல் ஆள் நீதான் அக்கா" என்றார் என் கணவர்.

"நீ தின்னாதை. பிள்ளைக்குத்தான்."

"பிள்ளையும் தின்னேல்லையே."

"கதையாதை. இவ சரியாக் கேட்டுக்கொண்டு வந்திருந்தா எனக்கு இந்த வில்லங்கம் இல்லை." பிறகு என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வி. எந்த எண்ணெய்?

கணவரிடம் மட்டும் சொன்னேன். முதலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "சொல்லாதேயும். தெரியாமல் தின்றதில என்ன குற்றம்?" என்றார். பல் தீட்டிவிட்டு வந்து, "எண்டாலும், நான் எண்டால் சொல்லிப்போடுவன்" என்றார். அவரிடம் கேட்டது என் பிழை.

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மச்சாள் சத்தம் போடமாட்டார். யாரையும் திட்டமாட்டார். "அப்ப இதெல்லாம் கணக்கில இல்லை" என்று சொல்லிவிட்டு, முதல் வெள்ளியில் இருந்து திரும்பத் தொடங்குவார். இன்னும் ஐந்து வருடம். வயதும் ஐம்பதைத் தாண்டுகிறது. அந்த நீலக் கரைத் தட்டை என்ன செய்வார் என்று நினைக்க எனக்கு விருப்பமில்லை; இப்போது அது சுவாமி அறையில், பழம் வைக்க இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதை எழுத வெட்கமாக இருக்கிறது. நேர்த்தி முறிந்தால் பிள்ளைக்கு ஏதும் வருமோ என்று சில வேளை இரவில் எழும்பிப் போய் அவளைப் பார்க்கிறேன். படித்தவள், நம்பாதவள் என்று என்னை நான் நினைத்திருந்தேன். பிறகு எனக்கே சொல்லிக்கொள்கிறேன்: அந்தச் சிப்ஸைத் தின்றுதானே கோடு ஏறியது? கடவுளுக்கு அது தெரியாதா?

மச்சாளுக்கே தெரியாதா என்றும் சில வேளை சந்தேகம் வரும். மூன்று நாளைக்கு முந்தி மீன் பொரித்த வீட்டை வாசலில் வைத்தே கண்டுபிடிக்கிற மூக்கு அது. அந்த மூக்கு மூன்று வருடம் எங்கே போனது? பிறகு, தெரிந்தால் ஏன் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்? இப்படி யோசித்து யோசித்துக் கறியை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன்.

யோசிக்க இனி நாளும் இல்லை. மகளுக்குச் செப்டம்பரில் பள்ளிக்கூடம். அந்த முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல், நேர்த்தி நிறைவு. பொங்கிவிட்டு வீட்டில் சாப்பாடு. அதற்கு மச்சாள் அழைத்திருக்கும் ஒரே விருந்தாளி கண்ணாடி அக்கா. என்னிடம் கேட்காமலே, போன கிழமை சந்தையில் கண்ட இடத்தில் சொல்லிவிட்டார். "பிள்ளை அவவின்ர கையால தின்டு வளந்தது. அவ இல்லாமல் என்ன நிறைவு?" கண்ணாடி அக்காவும் சம்மதித்துவிட்டார், சேலை கட்டலாமா என்று எனக்குச் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறார்.

நேற்று மச்சாள் குளிர்சாதனப் பெட்டியில் சாமான் பட்டியல் ஒட்டினார். பச்சையரிசி, பயறு, சர்க்கரை, முந்திரிகை வத்தல், வாழையிலை. ஆகக் கடைசியில், "கண்ணாடி அக்காவிட்ட எண்ணெய் கேக்கிறது." சந்தையில் கேட்க மறந்தவர், அன்று தானே கேட்கப் போகிறாராம். நாற்பது சொல்லில் அது போதும்: வட் ஒயில், தங்கச்சி? அவரும் வாயெல்லாம் சிரிப்பாகப் பதில் சொல்லுவார். அதை மொழிபெயர்க்க என்னைத்தான் இரண்டு பேரும் பார்ப்பார்கள்.

மச்சாளிடம் முந்தியே சொல்லிவிடலாம். பொங்கல் பானை ஏறாது. கண்ணாடி அக்காவிடம், அப்படிச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்; அதற்கு ஏன் என்று விளக்கவேண்டும். மூன்று வருடம் இடுக்கி கழுவிய அந்த மனிசியின் மனம் என்ன பாடுபடும்? ஒன்றும் செய்யாமல் அந்த மேசைக்குப் போய் இருக்க எனக்குத் துணிவில்லை.

அந்த வெள்ளிக்கு இன்னும் பதினொரு நாள். இதை வாசிக்கிறவர்களில் நேர்த்தி வைத்தவர்கள் இருப்பீர்கள். வைத்ததைத் தெரியாமல் முறித்தவர்களும் இருப்பீர்கள். மச்சாளின் இடத்தில் நீங்கள் இருந்தால், யாராவது வந்து சொல்லவேண்டும் என்று விரும்புவீர்களா? விரும்புவீர்கள் என்றால், பொங்கலுக்கு முன்னமா, பின்னமா? உங்கள் எண்ணத்தை எனக்கு எழுதுங்கள். அந்தக் கிழமை தொடங்குவதற்குள் எழுதினால் பெரிய உதவி.